சீல் விழாத நாற்பத்தொரு சீட்டுகள்

எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. பொன்விழா மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தார்கள். நிலம் கொடுத்தவர் படம், கட்டடம் கட்டியவர் படம், புது வார்டைத் திறக்க வந்தவர் கத்தரிக்கோலோடு நிற்கும் படம் எல்லாம் இருந்தன. முப்பத்தேழாம் பக்கத்தில், ‘வெளிநோயாளிகளைக் காக்க வைக்காமல் கவனித்து அனுப்புவது நமது நிர்வாகத்தின் தனிச்சிறப்பு’ என்று ஒரு வரி. அதை யார் செய்தார்கள் என்று அந்த வரியில் இல்லை. மலரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், எந்த வரியிலும் இல்லை. பிழை பார்க்கச் சொன்னார்கள் அல்லவா, இதுதான் பிழை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் அப்துல் கையூம். இங்கே கம்பவுண்டர். 1942-ல் சேர்ந்தவன். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பவன் நான்தான். இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வரியில் இல்லாத பெயர் செபாஸ்தியம்மாள். மேட்டுப்பட்டிக்காரர். அப்பா சூசைமுத்து தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி வேலை பார்த்தவர். மகள் எட்டாவது வரை படித்துவிட்டு, 1951-ல் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுத வந்தார். பெயர், ஊர், வயது, என்ன உடம்புக்கு என்று கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஊரெல்லாம் சீட்டம்மா என்றுதான் கூப்பிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அப்படி ஒரு பார்வை.

அந்த அம்மாவுக்கு ஒரு குணம். யாராவது சும்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் பொறுக்காது. வராந்தாவில் கூட்டம் தேங்கினால் எழுந்து வந்து, “எதுக்கு நிக்கிறாங்க?” என்பார். டாக்டரிடம் கேட்பார், ஆபீஸில் கேட்பார், என்னிடமும் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது.

1961-ல் எங்கள் ஆஸ்பத்திரிக் கமிட்டியின் காரியதரிசி தம்முடைய நூல் மில்லில் ஒரு வகுப்பு வைத்தார். வேலை எப்படி நடக்கிறது என்று படமாகப் போட்டுப் பார்த்து, வீணாய்ப் போவதைக் குறைக்கிற வித்தை. மதுரையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். எட்டு சனிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு ஆளை அனுப்பச் சொல்லிக் காரியதரிசி சீட்டனுப்பினார். டாக்டருக்கு நேரமில்லை. தலைமைக் குமாஸ்தா சோலைமுத்து, மில் மேஸ்திரிகளோடு பெஞ்சில் உட்காருவதா என்று முகத்தைச் சுளித்தார்.

“சீட்டம்மாவ அனுப்பிருவோம் பாய். எட்டு சனிக்கிழமை நமக்கு நிம்மதி,” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முப்பது மேஸ்திரிகளுக்கு நடுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். அந்த வித்தைக்கு ஐந்தே குறிகள். வேலை நடந்தால் வட்டம். இடம் மாறினால் அம்பு. சரிபார்த்தால் சதுரம். எடுத்துப் பத்திரப்படுத்தினால் முக்கோணம். காத்துக் கிடந்தால், வயிறு தள்ளின இங்கிலீஷ் டி எழுத்து. வாத்தியார், நூல் சுற்றுகிற பாபின் ஒன்று மில்லுக்குள் போகிற பாதையைப் படம் போட்டுக் காட்டினாராம். அந்த அம்மா எழுந்து, “சார், பாபின் காத்துக் கிடந்தா அதுக்குப் பசிக்காது. ஆளு காத்துக் கிடந்தா?” என்று கேட்டிருக்கிறார். இது மில்லுக்கான பாடம் என்றாராம் வாத்தியார். “அப்ப ஆளுக்கு நானே போட்டுக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம்.

போட்டார். முதலில் எங்களையெல்லாம் கேட்டுப் போட்டார். நோயாளி வந்ததும் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். நாங்களும் சொன்னோம். சீட்டு, டாக்டர், பதிவு நோட்டு, சீல், மருந்து, வீடு. ஒன்பதே குறிகளில் படம் முடிந்துவிட்டது. டி ஒன்றுகூட இல்லை. சோலைமுத்துவுக்கு ரொம்பத் திருப்தி. சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டலாம் என்றார். அந்த அம்மா ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நாலாய்க் கிழித்தார்.

“இது நீங்க சொன்னது. நடக்கறது இது இல்ல,” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். கையில் அண்ணனுடைய கடிகாரம், நோட்டு, பென்சில். வாசலில் முதலில் வந்த சிறுமலைக்காரி ஒருத்திக்குப் பின்னால் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவள் பெயர் மூக்காயி. திங்களும் வியாழனும் மலைக்காரர்கள் வாழைத்தாரைச் சுமந்துகொண்டு இறங்குவார்கள். மண்டியில் போட்டுவிட்டு, உடம்புக்கு முடியாதவர்கள் எங்களிடம் வருவார்கள். பன்னிரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் வெளிச்சம் இருக்கும்போதே மலையேறி வீடு சேர முடியும். மூக்காயி இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை. குளிர்காய்ச்சல்.

அன்று நடந்ததை நான் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்தேன். வெளியேயிருந்து அந்த அம்மா பார்த்து எழுதியதைப் பிறகுதான் படித்தேன். ஆறு ஐம்பதுக்கு வந்தாள். டாக்டர் பார்க்கும்போது ஒன்பது நாற்பது. நோட்டில் பதிந்தார்கள். சீல் வைக்க சோலைமுத்துவின் மேஜைக்குப் போனாள், மேஜை டிராயர் பத்து மணிக்குத்தான் திறக்கும். சீல் வாங்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். “பாட்டில் எங்கம்மா?” என்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து தண்ணீர் மருந்து, பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும். அவளுக்கு அது தெரியாது. கடைவீதிக்குப் போய்க் காலிப் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து மறுபடி வரிசையில் கடைசியில் நின்றாள். முகர்ந்து பார்த்தேன். சீமெண்ணெய் வாடை. கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். குழாய் கொல்லைப்புறத்தில். ஈரக் கையோடு சீட்டை நீட்டினாள், சீல் அழிந்து போயிருந்தது. மறுபடி சீல் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். சோலைமுத்து காபிக்குப் போயிருந்தார்.

பதினொன்று நாற்பதுக்கு மூக்காயி வாசலில் நின்று வெயிலைப் பார்த்தாள். திரும்பி வந்து, கழுவின பாட்டிலை என் ஜன்னல் கட்டையில் வைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வியாழக்கிழமை மறுபடி கொண்டுவந்தாள், மெலிந்து போய் இருந்தது. பிழைத்தது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

செவ்வாய்க்கிழமை காலையே வராந்தாச் சுவரில் படம் ஒட்டியிருந்தது. ஏழு மில் காலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஒட்டி வரைந்திருந்தார். ஐம்பத்திரண்டு குறிகள். அதில் இருபத்துமூன்று டி, எல்லாம் சிவப்பு மை. அடியில் கணக்கும் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தது நாலு மணி ஐம்பது நிமிடம். அதில் மூக்காயியின் பிள்ளைக்காக யாராவது ஏதாவது செய்தது பதினாலு நிமிடம். மருந்து கிடைக்கவில்லை. என் ஜன்னலுக்கு நேரே மூன்று டி. பக்கத்தில் என் பெயர்.

போவோர் வருவோரெல்லாம் நின்று படித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நேரே வாசலுக்குப் போனேன்.

“என் பேரை அழிங்கம்மா. நான் என்ன களவாண்டேனா? விதிப்படிதானே செஞ்சேன்?”

“பேரை நான் அழிச்சிர்றேன் பாய். டி-ய நீங்க அழிங்க,” என்றார். தலைகூட நிமிரவில்லை. அடுத்த ஆளின் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

சோலைமுத்து படத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தார். மறுநாள் இன்னொன்று ஒட்டியிருந்தது. அதையும் கழற்றினார்கள். மூன்றாவது நாள் வேறொன்று. வீட்டில் எத்தனை படி எடுத்து வைத்திருந்தாரோ தெரியாது. காலண்டர் தாளுக்குத்தான் பஞ்சமில்லையே, மில் வருஷத்துக்கு நூறு கொடுக்கும்.

அடுத்து ஆபீஸ் சீல் விஷயத்தைப் பிடித்தார். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டுக்கு ஆபீஸ் சீல் எதற்கு? டாக்டரைக் கேட்டார், ஆபீஸில் கேள் என்றார். ஆபீஸில் கேட்டார், சோலைமுத்து வழக்கம் என்றார். என்னைக் கேட்டார், எனக்குத் தெரியாது என்றேன். நான் சொன்னது பொய்.

ஸ்டோர் ரூமில் கரையான் அரித்த பழைய உத்தரவு நோட்டுகளை மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினோராம் நாள் என் ஜன்னலுக்கு வந்து ஒரு நோட்டைத் திறந்து வைத்தார். 1943. ‘கொயினா மாத்திரைச் சீட்டுகளுக்கு மட்டும் ஆபீஸ் சீல் வைக்கப்பட வேண்டும்.’ யுத்த காலம். மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா தங்கத்துக்குச் சமம். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் ‘எல்லாச் சீட்டுகளுக்கும்’ என்று எழுதியிருந்தது.

“இது யாரு எழுத்து பாய்?”

அது என் எழுத்து. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஸ்டோரில் இரண்டு டின் கொயினா காணாமல் போனது. கம்பவுண்டர்தான் எடுத்திருப்பான் என்று சொன்னார்கள். போலீஸ் எங்கள் வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தது. என் தாயார் ஜெய்தூன் பீவி தெருவே பார்க்க வாசலில் நின்றார். மூன்று மாதம் கழித்து ஸ்டோர்கீப்பர் பிடிபட்டான். என்னிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி சீல் இல்லாமல் என் கையால் ஒரு சொட்டு வெளியே போகாது என்று. அப்போதிருந்த டாக்டரிடம் மன்றாடி அந்தச் சொல்லை நானே அடித்துத் திருத்தினேன். சீலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் ஒளிந்திருந்தேன் என்று சொன்னாலும் சரிதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கண் கலங்குவார் என்று நினைத்தேன். கலங்கவில்லை.

“உங்களுக்குச் செஞ்சது அநியாயம் பாய். அதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். ஆனா உங்க பயத்துக்கு மலைக்காரி ஏன் வரிசைல நிக்கணும்?”

எனக்கு வந்த கோபத்தில் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டேன். ஒரு வாரம் அந்த அம்மாவோடு பேசவில்லை. கோபம் அவர் மேல் இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

1962 தை மாதக் கடைசியில் கமிட்டி கூடியது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சுவரில் காகிதம் ஒட்டிய குற்றத்துக்குத்தான் விசாரணை. அவரோ புதுப் படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மேஜையில் விரித்தார். பாட்டில் இருக்கிறதா என்று வாசலிலேயே, சீட்டு எழுதும்போதே கேட்டுவிட வேண்டும். இல்லாதவர்களுக்கு ஆயா இஞ்ஞாசியம்மாள் முந்தின நாளே கழுவிக் கவிழ்த்து வைத்த பாட்டிலைக் கொடுப்பார். மலைக்காரர்களின் சீட்டுக்கு மூலையில் ஒரு மடிப்பு, டாக்டர் அவர்களை முதலில் பார்ப்பார். விஷ மருந்துகளுக்கு மட்டும் சீல், மற்றதற்கு டாக்டர் கையெழுத்துப் போதும்.

“ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” என்றார் சோலைமுத்து.

“நான்.”

“வாயால சொன்னா ஆச்சா? வேலைய விட்டுப் போவியா?”

“போறேன். ஒரு திங்கக்கிழமை விடுங்க. மலைக்காரங்க ஒருத்தர் விடாம மருந்தோட பன்னெண்டுக்குள்ள வாசலைத் தாண்டலைன்னா, அன்னைக்கே போறேன். எழுதியே தாரேன்.”

எழுதியும் கொடுத்தார். காரியதரிசி ஒரு திங்கட்கிழமை கொடுத்தார். ஆனால் சீலில் மட்டும் கை வைக்கக் கூடாது, அது இருக்கட்டும் என்றார். கமிட்டியில் யாருக்கும் அது எதற்கு என்று தெரியாது, ஆனாலும் இருக்கட்டும். அந்த அம்மா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியவன் நான். வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. மலையிலிருந்து நாற்பத்தொரு பேர். பாட்டில்கள் வெயிலில் வரிசையாய்க் கவிழ்ந்து கிடந்தன. டாக்டர்கூட எட்டரைக்கே வந்துவிட்டார், படத்தில் அவர் பக்கத்திலும் நாலு டி இருந்ததே. பத்து மணிக்கெல்லாம் நாற்பத்தொரு பேரையும் அவர் பார்த்து முடித்தாயிற்று. மடித்த சீட்டுகளோடு எல்லாரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். சோலைமுத்து வரவில்லை. வயிற்றுவலி என்று ஆள் அனுப்பியிருந்தார். டிராயர் பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பில். சீல் டிராயருக்குள்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. செபாஸ்தியம்மாள் டிராயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சோலைமுத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார், கொடைரோடு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. பதினொன்றேகாலுக்கு என் ஜன்னலுக்கு வந்தார். பின்னால் மூக்காயி, இடுப்பில் அதே குழந்தை. அந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூக்காயியை மட்டும் முன்னால் நிற்க வைத்தார். மூக்காயி சீட்டையும் பாட்டிலையும் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“அய்யா, இன்னைக்காச்சும் குடுப்பியளா?”

அரிசிப் பானை கவிழ்ந்த சத்தம் காதில் கேட்டது. பாட்டிலை எடுத்தேன். முகர்ந்து பார்த்தேன், வாடையே இல்லை. மருந்தை ஊற்றினேன். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பல் பல்லாய் வெட்டிப் பாட்டிலில் ஒட்டினேன்.

“அடுத்த ஆளு,” என்றேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தோராவது ஆள் வாசலைத் தாண்டினான். நாற்பத்தொரு சீட்டிலும் சீல் இல்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை. சோலைமுத்துவின் வயிற்றுவலி சுத்தமாகக் குணமாகியிருந்தது. சீல் இல்லாமல் மருந்து போனது பெரிய ஒழுங்கீனம் என்று அரை மணி பேசினார். காரியதரிசி எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். தராவிட்டால், ஏடாகூடமானால் தாமே பொறுப்பு என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது, அதன்படி வேலை போகும் என்றார்.

செபாஸ்தியம்மாள் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகவே படித்தார்.

“நேத்து மலைக்காரங்க நாப்பத்தொரு பேரும் பன்னெண்டு மணிக்கு முந்தி மருந்தோட போனாங்க. வர்ற வியாழக்கிழமையும் அப்படியே போவாங்க. இதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்குத் தெரியல.”

காரியதரிசி என் பக்கம் திரும்பினார். “பாய், நீங்க தனியா எழுதுங்க.”

“தனியா எதுக்குங்க?” என்றேன். அந்த அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி அதே தாளில் அடியில் கையெழுத்துப் போட்டேன். பிறகு, பத்தொன்பது வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். ‘மட்டும்’ என்ற சொல்லை அடித்தவன் நான் என்று, பழைய நோட்டைக் காட்டிச் சொன்னேன். அடித்ததை நானே திருத்தித் தருகிறேன் என்றேன். காரியதரிசி நோட்டை இழுத்துப் பார்த்தார். கடைசியில், “சரி, திருத்துங்க,” என்றார். எங்கள் கடிதத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சோலைமுத்து பழக்க தோஷத்தில் அதை எடுத்துச் சீல் வைக்கப் போனார். நான் தாளை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா இன்னும் வாசலில்தான் இருக்கிறார். அவர் எடுத்து வைத்திருக்கும் படத்தில், என் ஜன்னலுக்கு நேரே இருந்த மூன்று டி-யையும் அழித்துவிட்டார். புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். காகிதத்தைப் பல் வெட்டுவதில் ஆளுக்கு அரை நிமிடம் வீணாக்குகிறேனாம், காலையிலேயே வெட்டி வைக்கலாமாம். வைக்க மாட்டேன் என்று ஆறு வருஷமாகச் சண்டை போடுகிறேன். தோற்றுக்கொண்டிருப்பது யார் என்று எனக்குத் தெரியும்.

இதை மலரில் சேர்க்கச் சொல்லி நேற்று ஆபீஸில் கொடுத்தேன். கமிட்டி பார்க்க வேண்டும், டாக்டர் கையெழுத்து வேண்டும், கடைசியில் ஆபீஸ் சீல் வேண்டும், நேரம் போதாது, அடுத்த விழாவுக்குப் பார்க்கலாம் என்றார்கள். திருப்பி வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“எத்தனை டி பாய்?” என்று கேட்டார்.

எண்ணிச் சொன்னேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து பசை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வராந்தாச் சுவரில், பழைய படம் இருந்த அதே இடத்தில், இதை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.